அபிமன்யுவுக்குக் கூட்டிய மை

பஸ்ஸில் வந்ததால் தலை கொஞ்சம் சுற்றுகிறது, ஐயா, வேறொன்றுமில்லை. எனக்கு ரயில்தான் ஒத்துக்கொள்ளும். பஸ்ஸில் டீசல் வாடையும் பக்கத்து ஆள் மடியில் இருக்கிற கோழியும் சேர்ந்து வயிற்றைப் புரட்டிவிடும். தண்ணீர் கொடுத்தீர்களே, அது போதும். ஏட்டையா எழுதத் தயாரென்றால் நானும் தயார்.

என் பெயர் அஞ்சம்மாள். திருவாலங்காட்டுக்குப் பக்கத்துக் கிராமம். புருஷன் பெயர் அப்பாவு, காலமாகிவிட்டார். ஏரிப் பாய்ச்சலில் இரண்டு காணி நெல் நிலம் இருக்கிறது. குத்தகைக்கு விடாமல் நானே வரப்பில் நின்று பயிர் வைக்கிறேன். ஊரில் யாரை வேண்டுமானாலும் விசாரியுங்கள். அஞ்சம்மாளுக்கு வாய் நீளம் என்பார்கள். கெட்டவள் என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். பெற்ற பிள்ளைகள்மேல் கை நீட்டியவள் இல்லை நான்.

நீங்கள் பிடித்து சப் ஜெயிலில் வைத்திருக்கிறீர்களே முனுசாமி, கூத்துக்காரர்களுக்கு முகத்தில் வேஷம் எழுதுகிறவன், மீஞ்சூர்க்காரன், அவன் என் மகன் கண்ணை ஒன்றும் செய்யவில்லை. அப்படியானால் யார் செய்தது என்பீர்கள். சொல்கிறேன். ஆனால் எனக்குத் தெரிந்த வரிசையில் சொல்ல விடுங்கள். நடுவில் கேள்வி கேட்டால் கோர்வை விட்டுப்போகும்.

என் புருஷனிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். கல்யாணமான புதிதில் பட்டாளத்தில் சேர்ந்து பர்மாச் சண்டைக்குப் போனவர். போகும்போது வெற்றிலை மடித்துக் கொடுத்தால்கூட வெட்கப்படுகிற மனுஷன். திரும்பி வந்தவர் வேறு ஆள். சோற்றில் கல் இருந்தால் அடி. கதவைச் சத்தமாகச் சாத்தினால் அடி. பிள்ளை அழுதால் பிள்ளைக்கும் அடி, எனக்கும் அடி. அடித்து ஓய்ந்ததும் உட்கார்ந்து அழுவார். அதற்கும் நான்தான் சமாதானம் சொல்ல வேண்டும்.

நல்ல நாட்களில் பட்டாளத்துக் கதை சொல்வார். முன்னணிக்கு அனுப்பப் போகிறார்கள் என்று தெரிந்தால் சில சிப்பாய்கள் எருக்கம்பாலைத் துளியூண்டு கண்ணில் தடவிக்கொள்வார்களாம். கண் சிவந்து வீங்கி ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிடுவார்களாம். சில நாளில் கண் சரியாகிவிடும், அதற்குள் மற்றவர்கள் புறப்பட்டுப் போயிருப்பார்கள். இதைச் சொல்லிவிட்டு, "பேடிப் பசங்க" என்று காறித் துப்புவார். நான் முதுகில் தைலம் தடவிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன், என் முதுகில்தான். நீயும் தடவிக்கொண்டு வந்திருக்கக் கூடாதா பாவி என்று நினைத்துக்கொள்வேன்.

மூத்தவன் குப்புராஜ், சீனாக்காரன் சண்டை வந்த வருஷம் தானாகப் போய்ப் பட்டாளத்தில் சேர்ந்தான். அவன் அப்பா செத்துச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. அவரிடம் வாங்கிய உதையெல்லாம் மறந்து, அவருடைய மெடலைத் தேடி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனான். நான் தடுக்கவில்லை. தடுக்கலாம் என்றே அப்போது எனக்குத் தோன்றவில்லை. அறுபத்தைந்தில் பாகிஸ்தான் எல்லையில் போய்விட்டான். தந்தி வந்தது, உடம்பு வரவில்லை. பிறகு ஒரு தகரப் பெட்டி வந்தது. இரண்டு சட்டை, சவரக் கத்தி, அந்த மெடல், ஒரு சீப்பு. சீப்பில் அவன் தலைமுடி இருந்தது. அதை நான் என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள்.

எங்கள் பக்கத்தில் கருமாதிக்குக் கர்ண மோட்சம் கூத்து வைப்பார்கள், ஐயாவுக்குத் தெரிந்திருக்கும். செத்தவர் வீட்டு வாசலிலேயே ஆடுவார்கள். கூடப் பிறந்தவன் என்று தெரியாமல் தம்பி அண்ணனைக் கொல்வான். குந்தி ஓடிவந்து செத்த மகனை மடியில் போட்டுக்கொண்டு அழுவாள். அதை ஆடிவிட்டால் போனவனுக்கு நல்ல கதி என்று நம்பிக்கை. பரசுராமன் வாத்தியாருடைய ஜமா, முனுசாமி வேஷம் எழுதுகிற அந்தக் கூத்துக் குழுதான், வந்து ஆடியது. உடம்பு இல்லாததால் தகரப் பெட்டியை நடுவில் வைத்திருந்தோம். குந்தி வேஷம் கட்டியவர் கர்ணனை விட்டுவிட்டு அந்தப் பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுதார். ஊரே அழுதது. எனக்கு மட்டும் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. பிள்ளை செத்த பிறகு ஓடிவந்து அழுகிறாளே இந்தக் குந்தி, முன்னாலேயே எங்கேயும் விடாமல் பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தால் என்ன என்று தோன்றியது. அன்றைக்குத் தோன்றியது பிறகு போகவே இல்லை.

இளையவன் பூவராகவன். ராகவன் என்று கூப்பிடுவோம். அன்றைக்கு அவன் என் பக்கத்தில் கண் கொட்டாமல் உட்கார்ந்திருந்தான். அதற்குப் பிறகு கூத்து எங்கே நடந்தாலும் போய்விடுவான். வயலில் நின்று அடவு போடுவான், களை பறிக்கிற பெண்கள் சிரிப்பார்கள். முனுசாமிக்கு அவன் என்றால் உயிர். நல்ல குரல் அவனுக்கு. வாயைத் திறந்தால் ஏரியின் அந்தக் கரைக்குக் கேட்கும். சோறு போடும்போதுகூடப் பாட்டாகத்தான் கேட்பான். கூத்துப் பைத்தியம் என்று ஊர் சொல்லும். சொல்லிவிட்டுப் போகட்டும், இந்தப் பைத்தியமாவது உள்ளூரில் இருக்கும் என்று நான் சந்தோஷப்பட்டேன்.

எழுபத்தொன்றாம் வருஷம் எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்தார்கள். மற்ற வேஷமெல்லாம் ஜமாக்காரர்கள் கட்டுவார்கள். அபிமன்யு மட்டும் எங்கள் ஊர்ப் பிள்ளை, கல்யாணம் ஆகாதவன், கையில் காப்புக் கட்டிக்கொண்டுதான் ஆட வேண்டும். இது எங்கள் ஊர் முறை. இதில் இன்னொன்றும் உண்டு. முகம் முழுக்க வேஷம் எழுதுகிறவனே எழுதலாம். ஆனால் கண்ணுக்கு எழுதுகிற மை, அந்தப் பிள்ளையைப் பெற்றவள் தன் கையால் கூட்டிக் கொடுத்ததாக இருக்க வேண்டும். அபிமன்யு சாகப் போகிறவன் அல்லவா. அதனால் தாய் தன் கையால் கொடுத்து அனுப்ப வேண்டும் என்று யாரோ வைத்திருக்கிறார்கள். வேஷம் எழுதிவிட்டால் அபிமன்யு களத்தில் விழுகிற வரைக்கும் முகத்தில் பொட்டுத் தண்ணீர் படக் கூடாது. பட்டால் ஊருக்கு ஆகாது.

அந்த வருஷம் ராகவனுக்கு அபிமன்யு வந்தது. காப்புக் கட்டின அன்றைக்குத்தான் ஆவடியில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்ற பேச்சும் வந்தது. கூத்து முடிந்த அடுத்த வாரம். கிழக்கே வங்காளத்தில் கலவரம், சண்டை வரும் என்று டீக்கடை ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பள்ளிக்கூட வாத்தியார் மகன் ஜோசப்பும் இவனும் சேர்ந்து போவதாகப் பேசி முடித்துவிட்டார்கள். எனக்குச் சொன்னது கடைசியில்.

"நீ இன்னாத்துக்கு அழுவுற? நைனா போனாரு, அண்ணன் போச்சு. நான் மட்டும் ஊட்டுல குந்திக்கினு கூத்தாடினு இருந்தா ஊரு இன்னா சொல்லும்?" என்றான்.

"ஊரு சோறு போடாதுடா. எனக்கு யாருகீறா?"

"வந்துருவம்மா. எல்லாருமா சாவறாங்க?"

அவனுடைய பள்ளிக்கூட சர்ட்டிபிகேட்டை எடுத்து அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தேன். கண்டுபிடித்துவிட்டான். கையை ஓங்கிக்கொண்டு வந்தான். அந்தக் கை அப்படியே அவன் அப்பா கை, ஐயா. தோளிலிருந்து இறங்குகிற விதம், கட்டை விரல் உள்ளே மடிகிற விதம், எல்லாம். இன்னும் சண்டைக்குப் போகவே இல்லை, அதற்குள் அந்தக் கை வந்துவிட்டது. அடிக்கவில்லை. கையைப் பார்த்து அவனே பயந்துபோய் என் காலைக் கட்டிக்கொண்டு அழுதான். நான் தலையைத் தடவிக் கொடுத்தேன். அப்போதே முடிவு பண்ணிவிட்டேன். போனால் ஒன்று பெட்டியாக வருவான், இல்லாவிட்டால் அவன் அப்பாவாக வருவான். இரண்டும் எனக்கு வேண்டாம்.

மை கூட்டுவது பெரிய வித்தை ஒன்றுமில்லை. கரிசலாங்கண்ணிச் சாற்றில் துணியை ஊறவைத்து, காயவைத்துத் திரியாகத் திரித்து, விளக்கெண்ணெயில் எரிக்க வேண்டும். மேலே கவிழ்த்த பித்தளைத் தட்டில் படிகிற கரியை வழித்து எண்ணெய் விட்டுக் குழைத்தால் மை. எருக்கஞ்செடிக்கு எங்கேயும் தேடிப்போக வேண்டாம், எங்கள் களத்துமேட்டில் ஒரு காடே இருக்கிறது. கண் சிவந்தால் டாக்டர் பரீட்சையில் தள்ளிவிடுவார்கள், பிறகு சரியாகிவிடும், அவ்வளவுதான் என் கணக்கு. என் புருஷன் சொன்னதில் ஒன்றை நான் யோசிக்கவில்லை. அந்தச் சிப்பாய்கள் தடவிய உடனே கண்ணைக் கழுவிக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்குக் காப்பு இல்லை. கழுவாதே என்று சொல்ல ஊர் இல்லை.

கொட்டகைக்குள் முனுசாமி வேஷம் எழுதும்போது நான் வெளியே நின்றிருந்தேன். முதலில் வலது கண்ணுக்கு மை எழுதினான். ராகவன் துள்ளினான்.

"இன்னாண்ணா இது, மொளகா கணக்கா எரியுது."

"தூசி எதனா பூந்திருக்கும். கொஞ்சம் பொறு," என்றான் முனுசாமி. பிறகு சத்தமே இல்லை. துணியால் துடைத்திருக்கிறான். இடது கண்ணுக்கு என்னுடைய மையைத் தொடாமல் தன் பெட்டியிலிருந்த கரியை எடுத்து எழுதியிருக்கிறான். ஊர் முறையை மீறித்தான் செய்தான். யாருக்கும் சொல்லவில்லை.

பெற்றவள் முன்வரிசையில் உட்கார வேண்டும். உட்கார்ந்தேன். ராகவன் ஆடினான். வலது கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. அபிமன்யு சுபத்திரையிடம் விடைபெறும்போது அந்தக் கண்ணீரைப் பார்த்து எல்லோரும் உருகிப்போனார்கள். என்ன நடிப்பு என்றார்கள். எனக்குத் தெரியும் அது நடிப்பில்லை என்று. எழுந்து, கூத்தை நிறுத்துங்கள், பிள்ளை முகத்தைக் கழுவுங்கள் என்று கத்தியிருக்கலாம். கத்தினால் ஏன் என்று கேட்பார்கள். இதோ விழுந்துவிடுவான், இதோ முடிந்துவிடும் என்று நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அந்த வருஷம் பார்த்துச் சக்கர வியூகத்தை ரொம்ப நேரம் ஆடினார்கள். என் கை கால் மரத்துப்போய்விட்டது, ஐயா. எழுந்திருக்க நினைத்தாலும் முடிந்திருக்காது என்றுதான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

பொழுது விடிந்து கழுவியபோது வலது கண் வெந்த முட்டைபோல் வெளுத்திருந்தது.

ஊர்க்காரர்கள் முனுசாமியைப் பிடித்துக்கொண்டார்கள். குடித்துவிட்டு ஏதோ கெட்ட வர்ணத்தைப் பூசிவிட்டான் என்று யாரோ சொன்னார்கள். கோயில் வாசலில் வைத்து அடித்தார்கள். வேஷம் எழுதுகிற கையைப் பின்னால் முறுக்கினார்கள். அந்த விரல்கள் அதற்குப் பிறகு மடங்கவே இல்லை. நான் அங்கேதான் இருந்தேன். போதும் விடுங்கள் என்று ஒரு தடவை சொன்னேன், அது யார் காதிலும் விழவில்லை.

மறுநாள் அவன் வீட்டுக்கு வந்தான். வாசலிலேயே நின்று மைக்கிண்ணத்தை நீட்டினான்.

"எம்மா, ஒங்க கிண்ணம். கயுவிட்டேன்," என்றான். "மோந்து பாத்தேன். பாலு வாசன வந்துச்சு."

"நான் யாராண்டயும் சொல்லல. அவன் ஒரு கண்ணோட எப்டினா பொழச்சிக்குவான். பெத்தவ செஞ்சான்னு தெரிஞ்சா பொழைக்க மாட்டான். இன்னொரு கண்ணு கீது பாரும்மா, அத்த மட்டும் உட்டுரு."

எனக்கு எவ்வளவு கோபம் வந்தது தெரியுமா? என் பிள்ளையின் கண்ணை விட்டுவிடச் சொல்லி என்னிடமே ஒருவன் கேட்கிறான். நான் என்ன பேயா? கிண்ணத்தை வாங்கி உள்ளே வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

நினைத்தது நடந்தது. ஆவடியில் ராகவனை வரிசையிலேயே நிற்க விடவில்லை. ஜோசப்பை எடுத்துக்கொண்டார்கள். டிசம்பரில் சண்டை வந்தது. ராகவன் டீக்கடை ரேடியோவை விட்டு நகரவில்லை, சாப்பிடக் கூப்பிட்டாலும் வரவில்லை. நான் ஜோசப் வீட்டுக்குத் தினமும் போய் அவன் அம்மாவுக்குத் துணையாக இருந்தேன். உண்மையைச் சொல்கிறேன், அங்கே தந்தி வருகிறதா என்று பார்க்கத்தான் போனேன். வந்திருந்தால் நான் செய்தது சரி என்று ஆகியிருக்கும். வரவில்லை. ஆவடியில் எடுத்தவர்கள் ஒருவரும் அந்தச் சண்டைக்கே போகவில்லையாம். எல்லோரும் டிரெயினிங்கில் இருந்தார்களாம். அடுத்த சித்திரையில் ஜோசப் லீவில் வந்தான். கன்னமெல்லாம் சதை போட்டு, அம்மாவுக்கு ஒரு கம்பளியும் வாங்கிக்கொண்டு வந்திருந்தான். இது எனக்கு முன்னாலேயே எப்படித் தெரியும், சொல்லுங்கள்.

ஜோசப்தான் ராகவனை எழும்பூர் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனான். டாக்டர் பார்த்துவிட்டு, வலது கண்ணின் மேல்தோலை மாற்றி வைக்கலாம் என்றாராம். செத்தவர் கண்ணிலிருந்து எடுத்துத் தைப்பார்களாம். கண் கிடைத்ததும் சொல்லி அனுப்புகிறோம், அதுவரைக்கும் இரண்டு கண்ணுக்கும் இந்தச் சொட்டு மருந்தை விட்டுக்கொண்டிரு என்று புட்டி கொடுத்து அனுப்பினார். ராகவன் திரும்பி வந்த அன்று வீட்டுக்குள் நுழையும்போதே பாடிக்கொண்டு வந்தான். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவன் பாட்டைக் கேட்டேன்.

"எம்மா, கண்ணு வந்துரும். வந்ததும் மறுபடியும் ஆவடிக்குப் போவேன். ஜோசப்பு சொல்லி உடறன்னான்."

"கண்ண மாத்தினவன எடுப்பாங்களாடா?"

"எடுக்காட்டி வேற எங்கனா போறேன். இந்த ஊர்ல யாரு இருப்பா? எல்லாரும் என்ன பாத்து ச்சுச்சுன்னினு கீறாங்க."

இட்லி வேண்டுமா என்று கேட்டேன். நாலு தின்றான்.

முனுசாமி அப்போது எங்கள் ஊர் ரைஸ் மில்லில் பெருக்குகிற வேலையில் இருந்தான். அந்தக் கையை வைத்துக்கொண்டு வேறென்ன செய்வான்? ஜமாக்காரர்கள் யாரும் அவனைக் கூப்பிடவில்லை. தினமும் காலையில் கிண்ணத்தில் நந்தியாவட்டைப் பூ பறித்து எடுத்து வருவான், கண்ணுக்குக் குளிர்ச்சி என்று. டாக்டர் கொடுத்த மருந்தையும் அவனே இருந்து விட்டுவிட்டுப் போவான். என் வீட்டில் என் பிள்ளைக்கு மருந்து விட ஒரு வெளியாள். ராகவனுக்கு அது பிடித்திருந்தது. ஒருநாள் மீஞ்சூரில் தங்கை வீட்டில் சாவு என்று ஆள் வந்தது. புறப்படும்போது முனுசாமி என்னைப் பார்க்காமல் ராகவனிடம் சொன்னான்.

"நான் வர வரிக்கும் மருந்து வோணாம். வேற யாரும் உட வோணாம்."

வேறு யாரும் என்றால் வீட்டில் இருப்பது நான் ஒருத்திதான்.

அன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ராகவன் கூடத்தில் படுத்திருந்தான். மருந்து விடட்டுமா என்று கேட்டேன். முனுசாமி அண்ணன் வேண்டாமென்றாரே என்றான். டாக்டர் பெரியவரா, முனுசாமி பெரியவனா என்றேன். சிரித்துக்கொண்டு என் மடியில் தலையை வைத்தான். சின்னப் பிள்ளையில் காது குத்தியபோது அப்படி வைத்தது.

ஐயா, முதல் தடவை நடந்ததை நான் தப்புக் கணக்கு என்று சொன்னேன். அது உண்மை. இரண்டாவது தடவை கணக்கில் தப்பில்லை. எவ்வளவு நேரம் கழுவாமல் இருந்தால் என்ன ஆகும் என்று அதற்குள் எனக்குத் தெரிந்திருந்தது. ஒரு கண்ணில் மட்டும் விட்டால் டாக்டர்கள் மாற்றிவிடுவார்கள் என்றும் தெரிந்திருந்தது. அதனால் இரண்டிலும் அதே எருக்கம்பாலை விட்டேன்.

"எரியுதும்மா," என்றான்.

"மருந்துன்னா எரியத்தான் செய்யும். கொஞ்சம் பொறுத்துக்கோ, ராஜா."

என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். தள்ளவில்லை, பிடித்துக்கொண்டு மட்டும் இருந்தான். "கயுவிக்கட்டுமாம்மா?" என்று கேட்டான். வேண்டாம் என்றேன். சரி என்றான். நான் சொன்னால் கேட்கிற பிள்ளை. நான் அவன் நெற்றியில் ஊதிக்கொண்டே இருந்தேன். எனக்கும் கண்ணீர் கொட்டியது. அவன் முகத்தில் விழுந்துவிடக் கூடாதே என்று முந்தானையால் துடைத்துக்கொண்டேன். சாயங்காலம் விளக்கேற்றிய பிறகுதான் கழுவிவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்ன விட்டீர்கள் என்று கேட்டார். முனுசாமி வைத்துவிட்டுப் போன நந்தியாவட்டைச் சாறு என்றேன். யோசிக்கவே இல்லை, வாயில் தானாக வந்தது. அவர்கள் உங்களுக்கு எழுதினார்கள், நீங்கள் முனுசாமியைப் பிடித்தீர்கள். இனிமேல் மாற்றி வைப்பதற்கு அந்தக் கண்களில் ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். நீங்கள் எவ்வளவு அடித்தும் முனுசாமி ஏன் வாயைத் திறக்கவில்லை என்று உங்களுக்கு இப்போது புரியும். எனக்காக இல்லை. ராகவன் தாங்கமாட்டான் என்றுதான். அவன் என் பிள்ளைமேல் வைத்திருக்கிற பாசம் எனக்கு அன்றைக்கும் பிடிக்கவில்லை, இன்றைக்கும் பிடிக்கவில்லை. ஆனால் அவனை விட்டுவிடுங்கள்.

இந்த எட்டு மாதம் நான் சந்தோஷமாக இருந்தேன் என்று சொன்னால் காறித் துப்புவீர்கள். இருந்தேன். குளிப்பாட்டினேன், ஊட்டினேன், வயலுக்குக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். வாசலில் தபால்காரர் மணி கேட்டால் இனி எனக்குத் திக்கென்று ஆகாது. கதவைத் தாழ்போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். அவன் தூங்கினானா என்று தெரியாது, கண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாதே.

போன மாதம் மறுபடியும் ஜோசப் லீவில் வந்தான். பூந்தமல்லியில் கண் தெரியாதவர்களுக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது, அங்கேயே தங்கி நாற்காலி பின்னக் கற்றுக்கொள்ளலாம், பாட்டும் சொல்லிக் கொடுப்பார்கள் என்று சொன்னானாம். ஒரு மூங்கில் கோலையும் சீவிக் கொடுத்துவிட்டுப் போனான். ராகவன் கோலைத் தட்டித் தட்டி முதலில் கிணற்றடிக்குப் போனான், பிறகு கோயிலுக்குப் போனான். நான் கோலை விறகோடு போட்டு வைத்தேன், தடவிப் பார்த்து எடுத்துக்கொண்டான். நேற்றுச் சாயங்காலம் ஆளைக் காணோம். எனக்கு உயிரே போய்விட்டது. இருட்டுகிற நேரத்துக்குத் தானாகவே வந்து சேர்ந்தான். முகமெல்லாம் வேர்வை, சிரிப்பு.

"எம்மா, ரயிலடி வரிக்கும் போய்ட்டு வந்துட்டேன். யார் கையும் புடிக்கல. இனிமே நான் எங்க வோணா போய்க்குவேன்."

காலில் முள் ஏறியிருந்தது. உட்கார வைத்து, காலை மடியில் போட்டு, ஊசியால் எடுத்தேன். நல்ல கெட்டியான கால்கள் அவனுக்கு, கூத்தாடின கால்கள். முள் வந்த பிறகும் நான் காலை விடவில்லை. குதிகாலுக்கு மேலே ஒரு நரம்பு ஓடுகிறது, ஐயா, தொட்டால் கயிறு மாதிரி இருக்கும். அதைத் தடவிக்கொண்டே இருந்தேன். "கூசுதும்மா" என்று சிரித்தான். அவனுக்கு என் முகம் தெரியவில்லை. நான் அரிவாள்மணை எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதனால்தான் விடிந்ததும் ரயிலுக்குக்கூடக் காத்திராமல் முதல் பஸ்ஸில் ஏறி வந்துவிட்டேன். ராகவனுக்குச் சோறு போடும்படி ஜோசப் அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். ராகவனே வந்து என்னை விடச் சொன்னாலும் விடாதீர்கள். அம்மா என்று கூப்பிடுவான், கேட்டு இரக்கப்பட்டுவிடாதீர்கள். எழுதியது போதும், ஏட்டையா. முதலில் கதவைப் பூட்டுங்கள்.